நாலு விரல் பின்னால்

நான் வேலை செய்யும் அரிசி ஆலையில் போன வாரம் ஒரு லாரி மாட்டிக்கொண்டது. நெல்லை இறக்கிவிட்டுக் காலி வண்டியாக எடைமேடையை விட்டு இறங்குகிற சரிவில், இரண்டு கியர் ஒன்றாக விழுந்து பூட்டிக்கொண்டது. டிரைவர் கியர் ராடை ஆட்டிப் பார்த்தார். அது எல்லாப் பக்கமும் தளதளவென்று ஆடியது, ஆனால் வண்டி அசையவில்லை. அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. மூட்டை தூக்குகிறவர்களைக் கூப்பிட்டு, வண்டிக்கு முன்னால் போய் நின்று தள்ளச் சொன்னார். நாலு விரல் அளவு பின்னால் நகர்ந்தது. உள்ளே இரும்பை விட்டு எதையோ நெம்பினார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டீ வருவதற்குள் லாரி கேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

பில் போடுகிற ஜன்னலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த டிரைவர் மேல் எனக்கு என்ன கோபம்? ஆரணியில் எங்கள் தெருவில் இதே நாலு விரலுக்காக ஒரு காலைப்பொழுது முழுக்கப் பஞ்சாயத்து நடந்தது. அந்தப் பஞ்சாயத்தில் ஒரு லாரி இருந்தது, நானும் இருந்தேன். லாரிக்கு நல்ல தீர்ப்பு கிடைத்தது.

அது என் கல்யாணச் சீர் ஏற்றிய லாரி.

எங்கள் தெரு ஏரிக்கரைப் பக்கம் மேடாகத் தொடங்கி பஜார் பக்கம் சரிந்து இறங்கும். எங்கள் வீடு சரிவின் நடுவில், எதிரில் பெரியப்பா வீடு. அப்பா வீட்டிலேயே தறி போட்டு நெய்கிறவர். பெரியப்பா பஜாரில் பட்டுக்கடை வைத்திருக்கிறவர். அப்பா நெய்த புடவை எதுவும் பெரியப்பா கடையைத் தாண்டி வேறு கடைக்குப் போனதில்லை. அதனால் எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் பெரியப்பாவைத் தாண்டிப் போனதில்லை. மாப்பிள்ளை பார்த்தவரும் அவர்தான். சேத்துப்பட்டில் சொந்த ஜவுளிக்கடை, ஒரே பையன், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது என்றார். கடையைப் பெரியப்பா நேரில் போய்ப் பார்த்தார். கடைசியாகச் சொன்னதை யாரிடம் விசாரித்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சீர் போவதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. சாமான்களை ஏற்றி ஆரத்தி சுற்றிவிட்டால், அதற்குப் பிறகு அந்த வண்டி முன்னால் மட்டும்தான் போக வேண்டும். பின்னால் வரக் கூடாது, ஏற்றியதை இறக்கவும் கூடாது. மீறினால் பெண் வாழாமல் திரும்பி வந்துவிடுவாளாம். அதற்காகவே சீர் வண்டியை முந்தின நாள் சாயங்காலமே கொண்டுவந்து, போகிற திசையைப் பார்த்து நிறுத்திவிடுவார்கள். என் சீர் லாரியும் அப்படித்தான் பஜாரைப் பார்த்தபடி சரிவில் நின்றது. விடிந்ததும் பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கண்ணாடி மேஜை எல்லாம் ஏறின. பீரோவுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். எனக்குப் போட்டதை விடப் பெரிய மாலை.

லாரி வாடகை வண்டி. டிரைவர் முள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு காலனியைச் சேர்ந்தவர், வண்டிக்கும் அவரேதான் சொந்தக்காரர். அந்த வண்டியில் ஹேண்ட்பிரேக் பிடிக்காது. அதைச் சரிபார்க்காமல் வாடகைக்கு வந்தது அவர் தப்புதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலாக வண்டியை முதல் கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு கட்டைகளை அண்டக் கொடுத்து நிறுத்தியிருந்தார். காலையில் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி போனது, அவருக்கு மட்டும் பேப்பர் கப். அவர் அதை வாங்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டார்.

நலங்கு வைத்த பெண் தெருவில் இறங்கக் கூடாது என்று என்னை மாடியில் உட்கார வைத்திருந்தார்கள். மாடி ஜன்னலிலிருந்து கீழே நடந்தது எல்லாம் தெரிந்தது. அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, ஒரு தட்டில் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். வண்டி நசுக்கிக்கொண்டு போவதற்காகச் சக்கரத்துக்கு முன்னால் வைக்க வேண்டிய பழம். வைக்கிற இடத்தில் கட்டைகள் இருந்தன. எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன பழைய கட்டைகள்.

"நல்ல காரியத்துல சக்கரத்துக்கு முன்னாடி இது இன்னாத்துக்கு, கரி புடிச்சாப்பல?" என்று அத்தை கேட்டார். அவர் குனிந்து இரண்டையும் இழுத்துச் சாக்கடை ஓரம் போட்டுவிட்டு, அந்த இடத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்து, எலுமிச்சம்பழங்களை வைத்துக் குங்குமமும் தடவினார். கியர் பிடித்திருந்ததால் வண்டி அசையாமல் நின்றது. லாரியைக் கட்டை பிடித்துக்கொண்டிருந்த இடத்தில் எலுமிச்சம்பழம் வந்து உட்கார்ந்ததை நானும் பார்த்தேன். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. கியர் என்றால் என்னவென்றே அப்போது எனக்குத் தெரியாது.

ஆரத்தி முடிந்தது. பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

"ராகு காலம் வந்துகினு இருக்குது. ஜல்தி எடுப்பா வண்டிய."

டிரைவர் கப்பைக் கசக்கி எறிந்துவிட்டு ஓடிவந்து ஏறினார். கட்டை இருக்கிற நினைப்பில் வண்டியைக் கிளப்பக் கிளட்சை மிதித்தார். வண்டி உருள ஆரம்பித்தது. ராத்திரி முழுக்க நின்றதில் பிரேக்குக்கான காற்று இறங்கிப்போய் கால் பிரேக்கும் பிடிக்கவில்லை. எதிரில் ஆரத்தித் தட்டோடு அத்தையும் நான்கைந்து பெண்களும். அவர் பதறிப்போய் கிளட்சை விட்டு, கியர் ராடை இழுத்து அடித்தார். இரும்பு கடிபடுகிற சத்தம் ஒன்று கேட்டது. பாத்திரங்கள் எல்லாம் குலுங்கின. வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. அத்தைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு கை நீட்டுகிற இடம்தான் இருந்தது. எலுமிச்சம்பழம் இரண்டும் முறைப்படி நசுங்கியிருந்தன.

அவர் கீழே குதித்துச் சக்கரத்தைப் பார்த்தார்.

"கட்டைய யாருங்க எடுத்தது?"

அத்தை ஆரத்தித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டைய வுடு. வண்டிய எடு" என்றார் பெரியப்பா.

அவர் மறுபடி ஏறி, கிளட்சை மிதித்து, கியர் ராடை முன்னும் பின்னும் ஆட்டி, இன்ஜினையும் கிளப்பிப் பார்த்துவிட்டு இறங்கினார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு கியர் ஒண்ணா வுழுந்துகிச்சிங்க. இப்ப சக்கரம் சுத்தாது. பள்ளத்துல நிக்கிறதால வண்டி பளு பூரா கியர் மேலயே உக்காந்துகினு இருக்குது. மேல மூடியக் கழட்டி நெம்பி எடுத்துடலாம். ஆனா பளு வுடணும். ஆளுங்க நின்னு நாலு விரல் பின்னாடி தள்ளிப் புடிச்சாங்கன்னா போதும்."

"பின்னாடியா?"

"நாலு விரல்தாங்க."

"ஆரத்தி எடுத்த வண்டிப்பா. நாலு விரலும் பின்னாடிதான், நாலு மைலும் பின்னாடிதான்."

டிரைவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். எங்கள் வீட்டில் முடிவு எடுப்பது இந்த வரிசையில்தான்.

பிறகு ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்துவிட்டார்கள். வேறு வண்டி பிடிக்கலாம் என்றால் சீரை இறக்கக் கூடாது. டிராக்டர் கட்டி முன்னால் இழுக்கலாம் என்றார் ஒருவர். அப்படி இழுத்தால் உள்ளே பல்லெல்லாம் போய்விடும் என்றார் டிரைவர். உன் வண்டியின் பல் போனால் எங்களுக்கு என்ன என்று கேட்டவரும் உண்டு. ஜாக்கி வைத்துப் பின் சக்கரத்தைத் தூக்கினால் பளு விடும் என்று டிரைவர் தன் ஜாக்கியை எடுத்து வைத்தார். அது தூக்கத் தூக்க இறங்கியது. ஹேண்ட்பிரேக்கைச் சரிபார்க்காதவர் ஜாக்கியை மட்டும் பார்த்து வைத்திருப்பாரா? பெரியப்பா அதற்கும் கத்தினார். வெயில் ஏறியது. வண்டிக்காரன் ராசி சரியில்லை என்று தொடங்கிய பேச்சு, கொஞ்ச நேரத்தில் மாடி ஏறியது.

"போற எடத்துக்கு இவ எப்டியோ. கிளம்பறப்பவே பார்" என்று அத்தை யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அந்தக் கட்டை இரண்டும் அவர் காலடியில்தான் கிடந்தன.

ராகு காலம் பிறந்துவிட்டது. இனி அது முடியும் வரை அவசரமில்லை என்று ஆண்கள் நிழலுக்குப் போனார்கள். அப்போது என் செல்போன் அடித்தது. மாப்பிள்ளை. நிச்சயம் ஆனதிலிருந்து பேசிக்கொண்டிருந்தோம். பெரும்பாலும் அவர் பேசுவார், நான் சிரிப்பேன்.

"மணி இன்னா ஆவுது? எங்கம்மா வாசல்ல நின்னுகினு இருக்காங்க" என்றார்.

"வண்டி ரிப்பேர்ங்க. கியர் மாட்டிகிச்சாம்."

"உங்கப்பனுக்கு ஒரு வண்டி ஒழுங்கா புடிக்கத் துப்பு இல்ல. இவங்க பொண்ணத்தான் நான் கட்டிக்கணும்."

"வேணும்னா பண்ணாங்க? அவரு காலையிலருந்து வெயில்ல நிக்கிறாரு. அப்பாவ அப்டிப் பேசாதீங்க."

மாப்பிள்ளை குரலை உயர்த்தாமல், நிதானமாக, "இங்க வந்தப்புறம் இந்த வாய் இருக்கக் கூடாது. இருந்தா ஒடைச்சுடுவேன். இப்பவே சொல்லி வெச்சுக்கறேன்" என்றார். அவர் சொல்லி முடித்ததும் பக்கத்தில் பல பேர் சிரித்தார்கள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அதில் ஒரு பொம்பளைச் சிரிப்பும் இருந்தது. அவர் அம்மா வாசலில் நிற்பதாகச் சொன்னது ஞாபகம் வந்தது.

எனக்கு வந்தது பயமா, கோபமா என்று அன்று தெரியவில்லை. இன்று கேட்டால் இரண்டும் என்பேன். நலங்கு மஞ்சளோடு படியிறங்கிப் பின்கட்டுக்குப் போனேன். அப்பா தறிக்கூடத்தில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா சாப்பாட்டு இலைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர்கள் இருவரும் தனியாக இருந்தது அன்று அந்த ஒரு நேரம்தான்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்ப்பா."

அம்மா கழுவுவதை நிறுத்தினார். போனில் கேட்டதை அப்படியே சொன்னேன். ஸ்பீக்கரில் சிரித்ததையும் சொன்னேன். அப்பா கேட்டார். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் நின்றார். பிறகு அவர் பார்வை என்னைத் தாண்டி வாசல் பக்கம் போனது. அங்கே பீரோவின் கண்ணாடி வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

"சீர் ஏத்தியாச்சு. ஆரத்தி எடுத்தாச்சு. இனிமே பின்னாடி போவக் கூடாதும்மா."

"நாளைக்குத்தானேப்பா கல்யாணம்."

"அண்ணனுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

"வாய மூடு, யார் காதுலயாச்சும் வுழப்போவுது" என்றார் அம்மா. அழுதுகொண்டுதான் சொன்னார். அந்த அழுகையால் எனக்கு ஒரு காசு பிரயோசனம் இல்லை.

நான் அங்கேயே, தறிக்குப் பக்கத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதனால்தான் வாசலில் நடந்த அடுத்த விஷயத்தை முழுசாகக் கேட்டேன். பெரியப்பா ஜோசியருக்குப் போன் போட்டிருந்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று அவரும் ஸ்பீக்கரில்தான் போட்டார். வண்டி நின்ற கதையை எல்லாம் விவரமாகச் சொன்னார். நாலு விரல் விஷயத்தையும் சொன்னார்.

"அதுக்கின்னாங்க" என்றார் ஜோசியர். வெற்றிலை மென்றுகொண்டே பேசுகிற குரல். "எல்லாத்துக்கும் பரிகாரம் இருக்குது. ராகு காலம் முடியட்டும். வண்டிக்கு முன்னாடி ஒரு பூசணிக்கா ஒடைங்க. சக்கரத்துக்கு ஒரு சொம்பு மஞ்சத் தண்ணி ஊத்துங்க. அப்புறமா நாலு விரல் இன்னா, ஒரு முழமே பின்னாடி தள்ளுங்க, தோஷம் கெடையாது. மறுபடி ஆரத்தி எடுத்து அனுப்புங்க, புதுசாக் கிளம்பின மாதிரிதான்."

தெருவே நிம்மதியாகிவிட்டது. அப்பாவும் தறிக்கூடத்தை விட்டு வேகமாக வாசலுக்குப் போனார். ஜோசியர் இன்னும் லைனில் இருந்தார். இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். என் பொண்ணும் மாட்டிக்கொண்டு நிற்கிறாள், அவளுக்கு ஏதாவது பரிகாரம் உண்டா என்று. கேட்டிருந்தால் அந்த வெற்றிலை வாய் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் இருக்கும். ஒரு பூசணிக்காயோ, இரண்டு பூசணிக்காயோ.

ராகு காலம் முடிந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். மஞ்சள் தண்ணீரை அப்பாதான் ஊற்றினார். டிரைவர் கியர் ராடின் அடியில் இருந்த ரப்பரைத் தூக்கி, போல்ட்டுகளைக் கழற்றி, ராடை மூடியோடு எடுத்து சீட்டின் மேல் வைத்தார். என் சித்தப்பா மகன்கள், தெருக்காரர்கள் என்று ஒரு கூட்டமே முன்னால் நின்று பம்பரில் தோளைக் கொடுத்தது. நாம முன்னாடி பாத்துதானே நடக்கறோம், வண்டிதானே பின்னாடி போவுது என்று பெரியப்பா ஒரு விளக்கமும் கொடுத்தார். அதற்குச் சிலர் தலையாட்டினார்கள்.

"தள்ளுங்க. புடிச்சிக்கங்க. வுட்டுடாதீங்க."

வண்டி நாலு விரல் பின்னால் போனது. யாரோ கட்டையை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தார்கள். அதே கட்டை. இப்போது அது கரியாக யார் கண்ணுக்கும் தெரியவில்லை. டிரைவர் இரும்பை உள்ளே விட்டு நெம்பினார். டக் என்றது, இன்னொரு முறை நெம்பினார், இன்னொரு டக். எல்லோரும் கை தட்டினார்கள். மறுபடி ஆரத்தி எடுத்தார்கள். அத்தைதான் எடுத்தார். லாரி சேத்துப்பட்டுக்குப் போனது.

மறுநாள் கல்யாணம். மண்டபத்தில் எல்லோரும் லாரிக் கதையைத்தான் பேசிச் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார்.

அங்கே நடந்ததை எல்லாம் எழுதப்போவதில்லை. சொன்னதை அவர் செய்தார். முதல் தடவை என் உதடு கிழிந்தது ஃப்ரிட்ஜ் கதவில் மோதி. எங்கள் வீட்டிலிருந்து போன ஃப்ரிட்ஜ். பீரோ சாவி மாமியார் இடுப்பில் இருந்தது. அம்மாவோடு நான் போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும், நடுவீட்டில், எல்லோர் முன்னாலும். அதனால் அம்மாவுக்கு நான் சௌக்கியமாக இருக்கிறேன் என்றுதான் தெரியும். தெரியும் என்று எழுதுவதுகூடத் தவறு. அந்தக் குரலில் நடுக்கம் இருந்ததா என்று ஒரு தாய்க்குத் தெரியாமலா இருக்கும். தெரிந்துகொள்ளாமல் இருந்தார்.

கடைசியில் ஒரு நாள் கட்டிய புடவையோடு பஸ் ஏறி ஆரணி வந்துவிட்டேன். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வழக்கு, வாய்தா எல்லாம் ஓய்ந்தபின் சாமான்களை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்தச் சமயம் அரிசி ஆலையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. வழக்கமாக அங்கே நெல் ஏற்றி வருகிற ஒரு லாரியை நானே வாடகைக்குப் பேசி அனுப்பினேன்.

அன்று எங்கள் தெருவின் பஜார் முனையைக் கால்வாய் வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஏரிக்கரைப் பக்கமிருந்துதான் வர முடியும், உள்ளே திருப்ப இடமில்லை. சாமானோடு வந்த டிரைவர், தெருமுனையில் நின்றிருந்த என்னைக் கேட்டார்.

"ரிவர்ஸ்லயே உள்ள வுட்டுடட்டுமாக்கா? போறப்ப நேரா போய்டுவேன்."

"வுடுங்க" என்றேன்.

பீரோவும் கட்டிலும் தெரு நெடுகப் பின்னாலேயே வந்தன. ரிவர்ஸ் போட்டால் பாட்டுப் பாடுகிற வண்டி. சத்தம் கேட்டு ஒவ்வொரு வாசலிலும் ஆள் வந்து நின்றார்கள். பெரியப்பாவும் வந்தார். வயதாகிவிட்டது, ஆனால் தெருவில் ஒரு வண்டி நுழைந்தால் வழி சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. நடுத்தெருவுக்கு வந்து நின்று, கையை ஆட்டி ஆட்டி, "வரட்டும், வரட்டும், இன்னும் வரட்டும். ரைட்ல ஒடி. நாலு விரல் இருக்குது, வரட்டும்" என்று சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டு வாசலில் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் வண்டி நேராக நின்ற திருப்தியைத் தவிர ஒன்றும் இல்லை.

பீரோவை இறக்கிக் கூடத்தில் வைத்தார்கள். கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது. அப்பா அதைத் தடவிப் பார்த்தார். ஆட்கள் கிளம்பிப் போனார்கள்.

"அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனேம்மா" என்றார்.

"சொன்னேன்."

"எப்போ?"

அவர் என்னை ஏமாற்றவில்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. லாரி நின்ற அன்றைக்கு, தறிக்கூடத்தில், என்றேன். அப்பா நெற்றியைச் சுருக்கி யோசித்தார். லாரி நின்றது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. டிரைவர் மூடியைக் கழற்றி சீட்டில் வைத்தது, பூசணிக்காய் ஒரே போடில் உடைந்தது, மஞ்சள் தண்ணீர் ஊற்றியது, நாலு விரல் தள்ளியதும் விட்டுக்கொண்டது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தறிக்கூடத்தில் மஞ்சள் முகத்தோடு அவர் எதிரில் நான் நின்றது மட்டும் அதில் இல்லை.